வாசித்தல் என்னும் இருபொருள் வினை: ‘விப்லாஷ்’, ‘சர்வம் தாள மயம்’ படங்களில் தாளக் கல்வி

ஆய்வுச்சுருக்கம்

இளம் தாளக் கலைஞன் ஒருவன் இசைக்குறியீட்டையும் சிக்கலான தாளங்களையும் கற்க முயல்வதைக் கதைப்பொருளாகக் கொண்ட ‘விப்லாஷ்’ (2014), ‘சர்வம் தாள மயம்’ (2019) ஆகிய திரைப்படங்களை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. இரண்டுமே கற்றலைப் பற்றிய படங்கள். ஆயினும் கற்கப்படும் பொருள் இரண்டிலும் திரைக்கு வராமல் போகிறது. முதற்படத்தில் அதன் இடத்தை உடல்வதையும் இரண்டாம் படத்தில் பிறவித்திறனும் பிடித்துக்கொள்கின்றன. மிருதங்கப் பயிற்சியின் நடைமுறையோடு வைத்துப் பார்க்கும்போது, இவ்விடமாற்றம் தமிழ்ப் படத்தில் அப்படமே எதிர்க்க விரும்பும் சாதிவழி அறிவுப் பகுப்புக்குத் துணைபோகிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தாளக் கல்வி, சொற்கட்டு, இசைக்குறியீடு, கேள்வி ஞானம், மிருதங்கம், திரைத்திறனாய்வு.

முன்னுரை

தமிழில் நூலும் வாசிக்கப்படுகிறது, மிருதங்கமும் வாசிக்கப்படுகிறது. இச்சொல்லின் இரு பொருள்களுக்கும் வேர் ஒன்றா வேறா என்பது சொற்பிறப்பியலார் ஆராய வேண்டியது. வழக்கில் இரண்டும் ஒரே வினையாக நிற்பது, இசைக்கல்வியைப் பற்றிப் பேசப் புகுவோருக்கு ஒரு வசதியைத் தருகிறது. கருவியை இயக்குதல் கைத்தொழில், எழுத்தைப் படித்தல் அறிவுத்தொழில் என்ற பிரிவினை இவ்வினைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆனால் அப்பிரிவினை இசையுலகில் இல்லை என்று எவரும் கூறிவிட முடியாது. கருவியைச் செய்பவர், கருவியை வாசிப்பவர், கணக்கறிந்தவர், ‘வெறும் கேள்வி ஞானம்’ உடையவர் என்று படிநிலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஓர் இளைஞன் இப்படிகளில் ஏற முயலும்போது அவனுக்கு எது கடினமாக இருக்கிறது, அக்கடினத்தை யார் எவ்வாறு தீர்த்துவைக்கிறார்கள் என்பதே தாளக் கல்வி குறித்த எந்தக் கதைக்கும் மையமான வினா.

டேமியன் ஷஸெல் இயக்கிய ‘விப்லாஷ்’, ராஜீவ் மேனன் இயக்கிய ‘சர்வம் தாள மயம்’ ஆகிய இரண்டும் இவ்வினாவை எழுப்பும் படங்கள். ஒன்று நியூயார்க் நகரின் கற்பனை இசைக்கல்லூரி ஒன்றிலும் மற்றொன்று சென்னைக் கர்நாடக இசை உலகிலும் நிகழ்கின்றன. கண்டிப்பான ஆசிரியர், ஏங்கும் மாணவன், வெளியேற்றம், இறுதி மேடை என்ற கதைச்சட்டகம் இரண்டுக்கும் பொது என்பதால் தமிழ்ப் படத்தை ஆங்கிலப் படத்தின் நிழலாகக் கருதுவோர் உண்டு. சட்டக ஒற்றுமை மேலோட்டமானது. இரு படங்களும் எதைக் காட்டாமல் விடுகின்றன என்பதில்தான் ஒப்பீட்டுக்குரிய செய்தி இருக்கிறது.

தாளும் தண்டனையும்

‘விப்லாஷ்’ படத்தின் கதையைத் திருப்பும் நிகழ்வுகளை வரிசைப்படுத்தினால் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அது டிரம்ஸோ குச்சியோ அன்று, இசைத்தாள். முதன்மை டிரம்ஸ் கலைஞனான டானர் தன் இசைத்தாள் கோப்பை ஆண்ட்ரூ நீமனிடம் ஒப்படைக்கிறான்; அது காணாமற்போகிறது. தாளைப் பார்க்காமல் டானரால் வாசிக்க இயலாது. ஆண்ட்ரூ அப்பாடலை மனப்பாடமாக அறிந்திருப்பதால் அவனுக்கு மேடை கிடைக்கிறது. இறுதியில் இதே உத்தி அவன் மீதே திரும்புகிறது. தன்னைப் பணியிலிருந்து நீக்கக் காரணமானவன் ஆண்ட்ரூ என்று அறிந்த ஆசிரியர் ஃபிளெட்சர், தாள் வழங்காத ஒரு பாடலை மேடையில் தொடங்கி அவனை அவையில் அவமானப்படுத்துகிறார். முதலில் தாளின்மை அவனுக்கு வாழ்வு தந்தது. பின்னர் அதுவே அவனை வீழ்த்துகிறது.

எனவே இப்படத்தில் எழுத்து வடிவிலான இசை ஒரு கதைக்கருவியாக நன்கு பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் தாளில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, அதை ஒருவன் எவ்வாறு படிக்கக் கற்கிறான் என்பது பார்வையாளருக்குத் தெரிவிக்கப்படுவதே இல்லை. தாள் இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். டிரம்ஸுக்குரிய ஐந்துகோட்டு எழுத்து மற்றக் கருவிகளின் எழுத்திலிருந்து வேறுபட்டது. அங்குக் கோடுகளும் இடைவெளிகளும் சுரத்தானங்களைக் குறிப்பதில்லை. எந்த டிரம், எந்தத் தட்டு என்பதைக் குறிக்கின்றன. பெருங்குழு ஜாஸ் இசையில் டிரம்ஸ் கலைஞனுக்கு வழங்கப்படும் தாள் பெரும்பாலும் ஒரு வரைபடம் போன்றதே. காற்றுக்கருவிகள் ஒருமித்து எங்கே அழுத்தம் தருகின்றன, எங்கே அமைதி, எங்கே தனிவாசிப்பு என்பவை குறிக்கப்பட்டிருக்கும். இடைப்பட்டவற்றைக் கலைஞனே நிரப்ப வேண்டும். எழுதப்பட்டதைப் படித்துக்கொண்டே எழுதப்படாததை உருவாக்குவது இளம் மாணவனுக்குப் பெரும் இடர். கண் இரண்டு அலகு முன்னே செல்ல வேண்டும். கை நிகழ்காலத்தில் நிற்க வேண்டும். இவ்விடர் குறித்துப் படத்தில் ஒரு காட்சியும் இல்லை. ஷஸெல் பள்ளிப்பருவத்தில் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இதை அறியாதவர் அல்லர் என்பதால் இவ்விடுபாடு தற்செயலானதன்று.

குறியீட்டைப் படித்தல் வெளிப்படையாகப் பேசப்படும் இடம் ஒன்று உண்டு. புகழ்பெற்ற அறைதல் காட்சி அது. ஆண்ட்ரூ விரைந்தானா பின்தங்கினானா என்று கேட்டபடியே ஃபிளெட்சர் அவன் கன்னத்தில் தாள இடைவெளியில் அறைகிறார். பின்னர்த் தாளில் குறிக்கப்பட்ட நிமிடத்துக்கு 215 என்ற வேகத்தை எண்ணிக் காட்டச் சொல்கிறார். அவ்வேகத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ 0.28 நொடி. எவ்விதக் கருவியின் துணையுமின்றி அந்த எண்ணை உடலிலிருந்து வரவழைப்பது படிப்பறிவைச் சார்ந்த செயலன்று. நீண்ட பழக்கத்தால் வரும் வேக நினைவைச் சார்ந்தது. மாணவன் தடுமாறியதும் அவனுக்கு இசையெழுத்தே தெரியுமா என்ற ஐயம் எழுப்பப்படுகிறது. ஒவ்வொரு குறியாகச் சுட்டிக் கேட்கப்படுகிறது. அவன் சரியாகவே விடையளிக்கிறான். எழுத்தறிவு அவனிடம் இருக்கிறது. இல்லாதது வேறொன்று. அதைப் பிரித்தறிந்து கற்பிப்பது ஆசிரியர் கடமை. படத்தில் அந்த இடத்தில் அவமதிப்பே தொடர்கிறது.

இக்காட்சியின் மிக நுண்ணிய தருணம் இதற்குப் பின் வருகிறது. தாளில் 101 ஆம் பகுதியைப் பார்த்தவுடன் வாசிக்குமாறு பணிக்கப்பட்ட ஆண்ட்ரூ, அதை முதலில் வாயால் ஒலித்துக் காட்டத் தொடங்குகிறான். ஃபிளெட்சர், குரலிசைக் குழுவில் பாடுகிறாயா என்ற பொருள்படக் கேலிசெய்து, கருவியை வாசிக்கச் சொல்கிறார். சில நொடிகளே நீளும் இப்பகுதியைப் பெரும்பாலான பார்வையாளர்கள் மற்றுமொரு வசைச்சொல்லாகவே கடந்துவிடுவர். சொற்கட்டு மரபை அறிந்த தமிழ்ப் பார்வையாளருக்கு அது அவ்வாறு கடந்துபோவதில்லை. கற்றலின் முதற்படி எதுவோ அதையே மாணவன் இயல்பாகத் தேர்ந்திருக்கிறான்; ஆசிரியர் அதைக் கேலிக்குரியதாக்கிப் பறித்துவிடுகிறார்.

இதில் வரலாற்று முரண் ஒன்றும் உண்டு. படத்துக்குப் பெயர் தந்த ‘விப்லாஷ்’ ஹாங்க் லெவி இயற்றியது. ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. டான் எல்லிஸின் இசைக்குழு அதை 1973 ஆம் ஆண்டு வெளியான இசைத்தட்டில் வாசித்தது. ஒற்றைப்படை எண்ணிக்கைகளில் எல்லிஸுக்கு இருந்த ஈடுபாட்டுக்கு ஒரு காரணம், லாஸ் ஏஞ்சல்ஸில் ரவிசங்கரின் மாணவரான ஹரிஹர் ராவிடம் அவர் இந்திய இசை பயின்றது. இருவரும் சேர்ந்து 1960களில் ஒரு ஜாஸ் குழுவையும் நடத்தினர். அந்த இசை இந்துஸ்தானி வழிப்பட்டது என்றாலும், தாளத்தை வாயால் சொல்லிப் பழகுவது அங்கும் அடிப்படை. ஆக, படத்தின் மையப்பாடல் எந்த இசைச்சூழலில் பிறந்ததோ அச்சூழலுக்கு உரம் சேர்த்த கற்றல்முறையையே படத்தின் ஆசிரியர் எள்ளுகிறார். இது ஷஸெலின் கவனத்தில் இருந்ததாகத் தோன்றவில்லை.

கற்றல் நிகழாத இடத்தைப் படம் குருதியால் நிரப்புகிறது. தோல் உரிந்த விரல்கள், பனிக்கட்டியில் அமிழும் கை, தோலில் தெறிக்கும் வியர்வை. 2015 ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் படத்தொகுப்புக்கும் ஒலிக்கலவைக்கும் இப்படம் விருது பெற்றது முற்றிலும் தகுதியானது. வெட்டுகளே தாளமாகிப் பார்வையாளரின் நாடியைப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் அதே திறமையே ஒரு மறைப்பையும் நிகழ்த்துகிறது. கை புண்ணாவதால் ஏழு எண்ணிக்கை புரிந்துவிடாது. தவறாகப் பழகிய கை, எத்தனை மணிநேரம் பழகினாலும் தவறையே உறுதிசெய்யும். இதைத் தாளக்கருவி ஆசிரியர் எவரும் முதல் மாதத்திலேயே கூறுவர்.

சொல்லும் கணக்கும்

மிருதங்கப் பயிற்சியில் மாணவன் எதிர்கொள்ளும் இடர்களைச் சற்று விரிவாக நோக்குவது, இரண்டாவது படத்தை மதிப்பிடத் தேவையாகிறது.

மாணவனுக்கு முதலில் தரப்படுவது சொல். ‘த தி தொம் நம்’ என்ற நான்கு சொற்கள் கையின் நான்கு அடிப்படை வீச்சுகளுக்குப் பெயராகின்றன. எண்ணிக்கைகளும் சொற்களாகவே வருகின்றன: மூன்று என்பது தகிட; நான்கு தகதிமி; ஐந்து தக தகிட; ஏழு தகிட தகதிமி; ஒன்பது தகதிமி தக தகிட. இங்கு ஏழு என்பது ஒன்று முதல் ஏழு வரை எண்ணப்படும் நீண்ட வரிசையன்று. மூன்றும் நான்கும் கூடிய உருவம். மேலைநாட்டு மாணவன் தாளின் தலைப்பில் ஏழு என்ற எண்ணைக் கண்டு திகைக்கும் இடத்தில், இம்மாணவன் வாயில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. இதனால் எல்லாம் எளிதாகிவிடும் என்று கருதுவது பிழை. சொற்கட்டு ஓர் இடரை நீக்கி மூன்று புதிய இடர்களைத் தருகிறது.

முதலாவது, சொல்லுக்கும் கைக்கும் உள்ள உறவு நிலையானதன்று. ஒரே ‘த’ ஓரிடத்தில் வலந்தலையிலும் மற்றோரிடத்தில் இருபுறமும் சேர்த்தும் விழலாம். வேகம் கூடும்போது ஒரே சொல்லுக்கு விரல் மாறும். வாசிப்பு வழிக்கேற்பவும் மாறும். குறிப்பேட்டில் சொற்கட்டை எழுதிக்கொள்ளும் மாணவன் சொல்லை மட்டுமே எழுதுகிறான். நீட்சிக்குக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும், இரட்டை வேகத்துக்கு மேற்கோடும் இட்டுக்கொள்கிறான். கை எங்கே விழ வேண்டும் என்பது ஏட்டில் இல்லை. ஆசிரியரின் கையில் இருக்கிறது. ஆகவே கர்நாடகத் தாளக் கல்வி எழுத்தற்றது என்ற பொதுக்கருத்தும் சரியன்று, ஏடு இருந்தால் போதும் என்ற எண்ணமும் சரியன்று.

இரண்டாவது, உடல் பிளவுபட வேண்டியிருக்கிறது. கை தாளம் போட, வாய் வேறொரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஆதி தாளத்தின் ஒரு சுற்றில் எட்டு அட்சரங்கள். சதுசிர நடையில் 32 மாத்திரைகள். அதே கைத்தாளம் மாறாதிருக்கத் திசிர நடைக்குச் செல்லும்போது மாத்திரைகள் 24 ஆகின்றன. கை மாறக் கூடாது; சொல் மாற வேண்டும். தொடக்கநிலை மாணவர்கள் பலருக்கு இங்கே கை சொல்லோடு இழுபட்டுச் சென்றுவிடும். சொல்லைக் கவனித்தால் தாளம் நழுவும். தாளத்தைக் கவனித்தால் சொல் தடுமாறும். எண்ணிக்கொண்டிருந்தால் பின்தங்குவான்; எண்ணாமல் விட்டால் தொலைந்துபோவான். எண்ணாமலேயே எண்ணத் தெரிவதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது இடர், கணக்கு. ஒரு சொற்றொடரை மும்முறை சொல்லிச் சமத்தில் வந்து விழுவது தீர்மானம். ‘ததிங்கிணதொம்’ என்பது ஐந்து மாத்திரை. மூன்று முறைக்குப் பதினைந்து. ஆதி தாளத்தின் 32 மாத்திரையில் 17 கழிந்தபின் தொடங்கினால்தான் கடைசித் ‘தொம்’மை அடுத்துச் சமம் வரும். அதாவது ஐந்தாம் அட்சரமான தட்டு விழுந்து ஒரு மாத்திரை கழித்து எடுக்க வேண்டும். இடையில் இரண்டிரண்டு மாத்திரைக் கார்வை விட்டால் மொத்தம் 19. அப்போது 13 கழித்து, நடுவிரல் எண்ணிக்கைக்கு ஒரு மாத்திரை தள்ளி எடுக்க வேண்டும். மூன்று மாத்திரைக் கார்வை என்றால் 21; தொடக்கம் மோதிரவிரலின் கடைசி மாத்திரைக்குப் போய்விடும். இதே சொற்றொடரைத் திசிர நடையில் கார்வையின்றி வைத்தால் ஒன்பது மாத்திரை கழித்து, சரியாக நான்காம் அட்சரத்தின் தலையிலேயே எடுப்பு அமைந்துவிடுகிறது. முன்பு தாளத்துக்கு வெளியே நின்று எடுத்த சொல் இப்போது தாளத்தின் மீதே நிற்கிறது. ஒரு மாணவன் இதை முதன்முதலாகத் தானே கண்டறியும் கணம், கற்றலில் ஒரு நாடகத் தருணம். குருதி சிந்தாமலேயே அது திரையில் காட்டத்தக்கது.

இவ்வறிவு முழுவதும் கற்பிக்கத்தக்கது என்பது இங்கு வலியுறுத்தத்தக்கது. யாருக்கும் கற்பிக்கலாம். கஞ்சிரா மேதை மாமுண்டியா பிள்ளை புதுக்கோட்டை அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் பணியில் இருந்தவர். தவில் கலைஞர் ஒருவரிடம் லயம் கற்றார் என்பது இசையுலகில் வழங்கும் வரலாறு. கணக்குக்குப் பெயர்பெற்ற புதுக்கோட்டை வழி அவரிலிருந்தே தொடங்குகிறது. விளக்கு ஏந்தியவர் கணக்கின் தலைமையிடத்துக்கு வந்தார் என்றால், அவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்பதும் அவ்வரலாற்றின் பகுதி.

எல்லாம் தாளம் எனில் கற்க என்ன உண்டு?

‘மின்சார கனவு’ (1997), ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படங்களுக்குப் பின் நீண்ட இடைவெளிவிட்டு ராஜீவ் மேனன் இயக்கிய ‘சர்வம் தாள மயம்’, எடுத்துக்கொண்ட பொருளின் துணிவால் மதிக்கத்தக்கது. மிருதங்கம் செய்யும் ஜான்சனின் மகன் பீட்டர். விஜய் ரசிகன், கொட்டடிப்பதில் களிப்பவன். வித்துவான் வேம்பு ஐயரின் வாசிப்பைக் கேட்டு மயங்கி அவரிடமே மாணவனாகச் சேர விழைகிறான். தோலைத் தொட்டுப் பதப்படுத்தும் சமூகத்தவர் அத்தோலின் மீது மேடையில் விரல் வைக்க முடியாமலிருப்பதைத் தமிழ் வணிகத் திரைப்படம் இவ்வளவு நேரடியாக அதற்குமுன் பேசியதில்லை. படம் வந்த மறு ஆண்டு, 2020இல், டி. எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரின் வாழ்வை ஆராய்ந்து எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ வெளிவந்தது. பெரும்பாலும் தலித் கிறித்தவர்களான அக்கைவினைஞர்களின் அறிவு எவ்வாறு பெயரற்றதாக்கப்பட்டது என்பதை அந்நூல் விரித்துரைக்கிறது. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அதனால் கிட்டியது.

நெடுமுடி வேணுவின் வேம்பு ஐயர் ஃபிளெட்சரைப் போன்றவர் அல்லர். பிடிவாதமும் கனிவும் கலந்த அப்பாத்திரம் படத்தின் வலிமை. மாணவனைச் சாதி பார்த்து ஒதுக்க மறுப்பவர் அவர். ஒதுக்குவதற்கு வினீத் ஏற்ற மணி என்ற சீடன் இருக்கிறான். பீட்டர் முதற்பாடம் பெறுவதும் கடுமையாகப் பழகுவதும் காட்டப்படுகின்றன. எனினும் மேற்கூறிய மூன்று இடர்களில் ஒன்றேனும் கதையின் திருப்பமாக அமைவதில்லை. பீட்டர் குருவின் வீட்டிலிருந்து வெளியேற நேர்வது தொலைக்காட்சிப் போட்டி சார்ந்த சிக்கலால். கணக்கு வராததால் அன்று. அவனுக்கு முன் நிற்கும் தடைகள் அனைத்தும் புறத்தடைகள்: சாதி, பொறாமை, தந்தையின் அச்சம், வறுமை. தாளம் அவனுக்கு ஒருபோதும் தடையாக இருப்பதில்லை.

இது பீட்டருக்குச் செய்யப்படும் சிறப்பு போலத் தோன்றும். ஒடுக்கப்பட்டோன் திறமையற்றவன் என்ற இழிவுரைக்கு எதிராக அவனைப் பிறவிக்கலைஞனாக நிறுத்துகிறது படம். ஆனால் இவ்விடையில் ஒரு பொறி இருக்கிறது. சாதியச் சமூகம் ஒடுக்கப்பட்டோருக்குத் தாளத்தை எப்போதும் மறுத்ததில்லை. தாளம் அவர்களுடைய ‘இரத்தத்தில்’ இருக்கிறது என்று அது தாராளமாகவே ஒப்புக்கொள்ளும். அது மறுத்தது கணக்கை, சாத்திரத்தை, அவற்றைக் கற்பிக்கும் உரிமையை. பீட்டரின் செவியையும் கையையும் பிறப்பின் கொடையாக்கும்போது, கணக்கு குருவின் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வாசலைத் திறந்துவைத்த படம் பெட்டகத்தைத் திறக்கவில்லை.

வெளியேறிய பின்னர்ப் பீட்டர் நாடெங்கும் பயணம் செய்கிறான். பல பகுதிகளின் தாளக்கருவிகளையும் இயற்கையின் ஒலிகளையும் கேட்டுத் தன்னை வளர்த்துக்கொள்கிறான். ஏ. ஆர். ரகுமானின் இசையும் ஒளிப்பதிவும் இப்பகுதியை அழகுறச் செய்திருக்கின்றன. சென்னை சபாவுக்கு வெளியே தாளம் உண்டு என்று கூறுவது கருத்தளவில் நியாயமானதே. ஆயினும் அக்கருவிகளைக் கையாளும் கலைஞர்கள் எவரும் அங்கு ஆசிரியராக உருப்பெறுவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதற்குரிய கணக்கும் சொல்லும் உண்டு. அவற்றுள் எதையும் கற்க ஒரு பாடலின் நீளம் போதாது. மழையும் அருவியும் கலைஞர்களும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர். எல்லாம் தாளமயம் என்ற தலைப்பின் தத்துவம் இங்கே தன் விலையைக் கேட்கிறது. எங்கும் நிறைந்திருப்பதைக் கற்கத் தேவையில்லை, உணர்ந்தால் போதும் என்றாகிவிடுகிறது.

தமிழ் மரபு தாளக் கலைஞனை இவ்வாறு கண்டதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஆடலாசானையும் இசையாசிரியனையும் புலவனையும் அடுத்துத் தண்ணுமை ஆசிரியனின் தகுதிகளைக் கூறுகிறது. கூத்தும் பாட்டும் இசையும் தமிழும் பண்ணும் பாணியும் தூக்கும் குற்றமற உணர்ந்தவனாக அவன் இருக்க வேண்டும். பிறர் இசையில் குறை நேருமிடத்தை நிரப்பவும் மிகுதியை அடக்கவும் அறிந்து, தன் கருவி மேலோங்காமல் வாசிக்க வேண்டும். அங்குக் கூறப்படுபவை அனைத்தும் அறிவின் வகைகள். பிறவி அருள் பற்றிய குறிப்பு அப்பட்டியலில் இல்லை. திருக்குறளும் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்வியை வைக்கிறது. ஏட்டைக் கல்லாதவனுக்கும் கேட்டறிதல் ஒரு கல்விமுறையாக அங்கு முன்வைக்கப்படுகிறது. இன்றைய இசையுலகில் ‘கேள்வி ஞானம்’ என்ற தொடர் பாராட்டாகவும் குறைத்துமதிப்பிடலாகவும் ஒருங்கே வழங்குவதை இவற்றோடு ஒப்பிட வேண்டும். முறையாகப் பயிலாதவன் என்பதை நாகரிகமாகக் கூற அத்தொடர் பயன்படுகிறது. பீட்டருக்குப் படம் வழங்குவது இந்த இரண்டாம் வகைக் கேள்வி ஞானமே.

இப்பாத்திரத்தை ஏற்ற ஜி. வி. பிரகாஷ் குமார் நடிப்புக்காக உமையாள்புரம் கா. சிவராமனிடம் மிருதங்கம் பயின்றார் என்பது படத்தையொட்டிப் பரவலாகப் பேசப்பட்ட செய்தி. நடிகருக்குத் தேவைப்பட்ட பயிற்சி அவர் ஏற்ற பாத்திரத்துக்குத் தேவைப்படாமல் போனது விந்தை.

பட்டறையின் அறிவு

படம் தவறவிட்ட மற்றொரு வாயில் பீட்டரின் வீட்டிலேயே இருக்கிறது. இளங்கோ குமரவேல் ஏற்ற ஜான்சன், தமிழ்த் திரையில் அரிதாகக் காணப்படும் தொழில்மாந்தர். ஆடு, பசு, எருமை ஆகிய மூன்றின் தோல்களும் ஒரு மிருதங்கத்துக்கு வேண்டும். பலா மரக்கட்டையின் இரு வாய்களிலும் அவற்றைப் பொருத்தி, வார்பிடித்து இறுக்கி, வலந்தலையின் நடுவே கற்பொடியும் சோறும் கலந்த கரும்பசையை மெல்லிய அடுக்குகளாக அப்பித் தேய்த்து, விளிம்பைச் சுற்றி எங்குத் தட்டினாலும் ஒரே சுருதி பேசும்வரை கல்லாலும் கட்டையாலும் சரிசெய்ய வேண்டும். இது செவி மட்டும் செய்யும் வேலையன்று. எந்த அடுக்கோடு நிறுத்துவது, எந்தப் பக்கம் எத்தனை தட்டு என்பதில் எண்ணிக்கை இருக்கிறது. எந்த வித்துவானின் கை எவ்வளவு கனமானது, அவர் எந்தச் சொல்லை அழுத்தி வாசிப்பவர் என்பதை அறியாமல் அவருக்குரிய கருவியைச் செய்ய இயலாது. ஒரு வாசிப்பு வழியைத் தோலின் மீது படித்தறியும் அறிவு அது. வாசித்தல் என்ற வினையின் இரு பொருள்களும் கூடுமிடம் ஒன்று உண்டெனில் அது அப்பட்டறையே.

பீட்டர் இவ்வறிவின் நடுவே வளர்ந்தவன். தொப்பியில் பூசும் ரவையின் கனம் ‘தொம்’ என்ற சொல்லை எவ்வாறு மாற்றும் என்பதை மேடையில் அமரும் பல மாணவர்களைவிட அவன் நன்கு அறிந்திருப்பான். வேம்பு ஐயரின் கூடத்தில் அவன் முதன்முதலாக அமரும்போது, அவனுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துப் பார்த்திருந்தால் அங்கே உண்மையான பாடம் தொடங்கியிருக்கும். சுருதியும் சொல்லின் ஒலியும் அவனுக்குத் தெரியும். பதினேழு கழித்து எடுக்கத் தெரியாது. தந்தையின் அறிவு அவனுக்கு முதலாகவும், குருவின் கணக்கு அதன் மேல் அவன் அரும்பாடுபட்டு ஈட்டும் பொருளாகவும் அமைந்திருக்கும். படத்திலோ, ஜான்சன் மகனின் ஆசைக்கு அஞ்சி எதிர்ப்பவராகவும் பின் மனம் மாறுபவராகவும் மட்டுமே கதைக்குப் பயன்படுகிறார். கூடத்தில் பட்டறையைப் பற்றிய பேச்சு எழுவதில்லை. வேம்பு ஐயர் அந்தத் தந்தை செய்த கருவியையே மடியில் வைத்துக்கொண்டு, அவர் மகனுக்கு ‘த தி தொம் நம்’ சொல்லித்தருகிறார்.